பேங்க் மெயிலுக்குப் பூட்டு: புரோட்டான் மெயிலைத் தண்டர்பேர்டில் இணைப்பது எப்படி?

மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு எதுக்கு இமெயில் பாடம்னு தோணலாம். ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க மெயில்ல ‘ஸ்டேட்மென்ட்’னு தேடிப் பாருங்க. பேங்க் கணக்கு, கிரெடிட் கார்டு, டீமேட், ஃபண்ட் ஹவுஸ் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். அடுத்து ‘பாலிசி’னு தேடுங்க, அப்புறம் ‘ஃபார்ம் 16’னு தேடுங்க. உங்க சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சேமிப்பு எங்க இருக்கு, நாமினி யாருன்னு மொத்தக் கதையும் அந்த ஒரு மெயில் பெட்டிக்குள்ள இருக்கும். பல ஆப்கள்ல பாஸ்வேர்டு மறந்துட்டா, மாத்துறதுக்கான லிங்க்கும் அங்கதான் வரும். வீட்டுப் பீரோவுக்கு எவ்வளவு கவனம் கொடுக்குறோமோ அதே கவனம் இதுக்கும் வேணும்.

“பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே?”னு கேப்பீங்க. டெபாசிட்டரி அனுப்புற கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட்டைத் திறக்க உங்க பான் எண் போதும். வருமான வரித்துறையோட 143(1) இன்டிமேஷனுக்கு, சின்ன எழுத்துல பான் எண், கூடவே பிறந்த தேதி. வீட்டு புரோக்கர், லோன் ஏஜென்ட், பழைய ஆபீஸ் ஹெச்ஆர்னு எத்தனை பேர்கிட்ட பான் கார்டு நகல் கொடுத்திருக்கோம்! அதுலயே பிறந்த தேதியும் இருக்கு. அதனால அந்த பாஸ்வேர்டை கொசுவலை மாதிரி நினைச்சுக்கங்க. கொசுவைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது.

இதுக்காகத்தான் சிலர் என்க்ரிப்டட் மெயிலுக்கு மாறுறாங்க. மாறினவங்களுக்கு அடுத்து வர்ற கேள்வி: “பிரவுசர்ல மட்டும்தான் பார்க்கணுமா? தண்டர்பேர்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்ல கொண்டு வர முடியாதா?” மெயிலை முழுசா கொண்டு வரலாம், கேலண்டரை பாதிதான் கொண்டு வரலாம். ஆனா கொண்டு வரும்போது பூட்டு இடம் மாறுது. சர்வர்ல இருந்த பூட்டு உங்க லேப்டாப்புக்கு வந்துடும். அங்க அதைப் போட வேண்டியது நீங்கதான். இது ஒண்ணு மனசுல நின்னா இந்தப் பாடம் பாஸ்.

1. ‘என்க்ரிப்டட்’னா சரியா என்ன அர்த்தம்?

மூணு நிலை இருக்கு. குழப்பிக்காம பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் நிலை, வழியில பூட்டு. மெயில் ஒரு சர்வர்லேருந்து இன்னொரு சர்வருக்குப் போகும்போது நடுவுல யாரும் படிக்க முடியாது. ஜிமெயில் உட்பட இன்னைக்குப் பெரிய சேவைகள் எல்லாத்துலயும் இது இருக்கு.

ரெண்டாவது, சேமிப்புல பூட்டு. மெயில் வந்து சேர்ந்ததும் உங்க சாவியால மட்டும் திறக்கிற மாதிரி பூட்டி வைப்பாங்க. அப்புறம் சேவை நடத்துற நிறுவனத்தாலயே படிக்க முடியாது.

மூணாவது, முனைக்கு முனை பூட்டு. அனுப்புறவர் கணினியிலேயே பூட்டி, பெறுறவர் கணினியில மட்டும் திறக்கும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டான் மெயில் 2014-ல் வெளிவந்தது. சேர்ன் ஆய்வு மையத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் ஆரம்பித்தது. ரெண்டு புரோட்டான் பயனர்கள் பேசிக்கிட்டா மூணாவது நிலை. ஆனா உங்க பேங்க் சாதாரண மெயில்தான் அனுப்பும். அது வழியில பூட்டோட வந்து, புரோட்டான் சர்வரைத் தொட்டதும் உங்க சாவியால பூட்டப்படும். அதாவது பேங்க் மெயிலுக்குக் கிடைக்கிறது முதல் ரெண்டு நிலை மட்டும்தான். இன்னொண்ணு, புரோட்டான்ல மெயிலோட தலைப்பு வரி முனைக்கு முனை பூட்டுக்குள்ள வராது. ஜெர்மனியின் டூட்டாவில் தலைப்பும் பூட்டப்படும்.

இவ்வளவுதானான்னு நினைக்காதீங்க. சர்வர்ல வருஷக்கணக்கா குவிஞ்சு கிடக்கிற ஸ்டேட்மென்ட்களை நிறுவனமே படிக்க முடியாதுங்கிறது சின்ன விஷயம் இல்லை.

2. தண்டர்பேர்ட் எதுக்கு? நடுவுல பிரிட்ஜ் எதுக்கு?

தண்டர்பேர்ட் இலவச, ஓப்பன் சோர்ஸ் மெயில் மென்பொருள். 2004-ல் முதல் பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். நமக்கு ரெண்டு லாபம் இருக்கு. ஒண்ணு, பல மெயில் கணக்குகளையும் கேலண்டரையும் ஒரே இடத்துல பார்க்கலாம். ரெண்டாவது இன்னும் முக்கியம்: மெயில்களோட நகல் உங்க கையில இருக்கும். இன்டர்நெட் இல்லைன்னாலும், அந்தச் சேவையே ஒரு நாள் கிடைக்காம போனாலும், பழைய ஸ்டேட்மென்ட் உங்ககிட்ட இருக்கும்.

இப்ப சிக்கல். தண்டர்பேர்ட் பேசுறது ஐமேப், எஸ்எம்டிபிங்கிற பழைய மொழி. புரோட்டான் சர்வர்ல இருக்கிறது பூட்டின மெயில். அதனால நேரா இணைக்க முடியாது. அதுக்குத்தான் ‘புரோட்டான் மெயில் பிரிட்ஜ்’னு ஒரு சின்ன மென்பொருள். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். அது உங்க கணினிக்குள்ளேயே ஒரு குட்டி மெயில் சர்வர் மாதிரி உட்கார்ந்துக்கும். புரோட்டான்லேருந்து பூட்டின மெயிலை வாங்கி, உங்க கணினியில திறந்து, தண்டர்பேர்டுக்குக் கொடுக்கும். நீங்க அனுப்பும்போது அதே வேலையைத் திருப்பிச் செய்யும்.

கவனிங்க, பிரிட்ஜ் கட்டணத் திட்டங்களுக்கு மட்டும்தான். இலவசக் கணக்குல வேலை செய்யாது.

டூட்டாவுக்கு இந்த வழியே இல்லை. ஐமேப் கொடுக்கிறதில்லைன்னு அவங்க முடிவு. அதுக்குப் பதிலா அவங்களே ஓப்பன் சோர்ஸ் டெஸ்க்டாப் செயலி தர்றாங்க. மெயில், கேலண்டர் ரெண்டும் அதுக்குள்ள இருக்கு. தண்டர்பேர்ட் கண்டிப்பா வேணும்னா டூட்டா உங்களுக்கு ஒத்து வராது.

3. இணைக்கும் முறை

படி 1: புரோட்டானோட சொந்தத் தளத்துலேருந்து மட்டும் பிரிட்ஜை இறக்குங்க. தேடல்ல மேல வர்ற விளம்பர லிங்க்கைத் தொடாதீங்க. உங்க மெயில் சாவியைக் கொடுக்கப் போற மென்பொருள் இது.

படி 2: நிறுவி, உங்க புரோட்டான் பாஸ்வேர்டு, டூ ஃபேக்டர் எண் போட்டு உள்ளே போங்க. பழைய மெயில் நிறைய இருந்தா முதல் தடவை எல்லாம் வந்து சேர நேரம் ஆகும். ராத்திரி போட்டு விட்டுடுங்க.

படி 3: பிரிட்ஜ் ஒரு விவரப் பட்டியல் காட்டும். சர்வர் முகவரி 127.0.0.1, ஐமேப் போர்ட் 1143, எஸ்எம்டிபி போர்ட் 1025, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ். இது பொதுவா வர்ற அமைப்பு. உங்க திரையில வேற எண் இருந்தா அதையே எடுத்துக்கங்க. 127.0.0.1-ன்னா ‘இதே கணினி’னு அர்த்தம். அதாவது தண்டர்பேர்டும் பிரிட்ஜும் பேசிக்கிறது வெளியே போகாது.

படி 4: தண்டர்பேர்ட்ல புது மெயில் கணக்கு சேர்க்கும்போது பெயர், புரோட்டான் முகவரி, பிரிட்ஜ் காட்டுற பாஸ்வேர்டு போடுங்க. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இதுதான். உங்க புரோட்டான் பாஸ்வேர்டு இங்க வேலை செய்யாது, அதைப் போடவும் கூடாது. பிறகு கைமுறை அமைப்புக்குப் போய் மேலே சொன்ன எண்களை நிரப்புங்க. ஆத்தென்டிகேஷன்ல ‘நார்மல் பாஸ்வேர்டு’ தேர்வு செய்யுங்க.

படி 5: “இந்தச் சான்றிதழை நம்பலாமா?”னு ஒரு எச்சரிக்கை வரும். பிரிட்ஜ் தனக்குத்தானே உருவாக்கின சான்றிதழ் அது, அதான் தண்டர்பேர்ட் கேக்குது. முகவரி 127.0.0.1-தானான்னு பார்த்துட்டு ஒத்துக்கலாம். முதல் தடவை மெயில் அனுப்பும்போதும் இதே மாதிரி வரலாம். ஆனா வேற எந்த மெயில் சர்வருக்கும் இந்த எச்சரிக்கை வந்தா ஒத்துக்காதீங்க. அங்க அது நிஜமான ஆபத்தா இருக்கலாம்.

படி 6: ‘ஆல் மெயில்’ ஃபோல்டரைக் கவனிங்க. இன்பாக்ஸ்ல இருக்கிற அதே மெயில் அங்கயும் இருக்கும். ரெண்டையும் இறக்கினா இடம் ரெண்டு மடங்கு போகும். பிரிட்ஜ் அமைப்புலயே அந்த ஃபோல்டரைக் காட்டாம நிறுத்திக்கலாம்.

பிரிட்ஜ் ஓடிக்கிட்டு இருந்தாதான் புது மெயில் வரும். கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்குற மாதிரி வைங்க. தண்டர்பேர்ட்ல 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன்பிஜிபி உள்ளேயே இருக்கு. புரோட்டானுக்கு அதைத் தனியா அமைக்க வேண்டாம், அந்த வேலையை பிரிட்ஜ் பார்த்துக்கும்.

4. இப்ப பூட்டு எங்க இருக்கு?

பல வழிகாட்டிகள் ஐந்தாவது படியோட முடிஞ்சிடும். நம்ம பாடத்தோட முக்கியமான பகுதி இங்கதான் ஆரம்பம்.

பிரிட்ஜ் திறந்து கொடுத்த மெயிலைத் தண்டர்பேர்ட் உங்க ஹார்டு டிஸ்க்ல சாதாரணக் கோப்பாக சேமிக்குது. பூட்டு இல்லை. யாராவது லேப்டாப்பைத் திருடி, டிஸ்க்கைக் கழட்டி வேற கணினியில மாட்டினா, அந்த ஃபோல்டரைத் திறந்து எல்லாத்தையும் படிச்சிடலாம். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு மட்டும் இருந்தா அதைத் தடுக்காது.

“தண்டர்பேர்ட்ல பிரைமரி பாஸ்வேர்டு வச்சிருக்கேனே?” அது சேமிச்சு வச்ச பாஸ்வேர்டுகளுக்கு மட்டும்தான் பூட்டு. மெயில்களை அது பூட்டாது.

அப்ப என்ன பண்ணணும்? முழு டிஸ்க்கையும் பூட்டணும். விண்டோஸ் புரோ பதிப்புல பிட்லாக்கர். ஹோம் பதிப்பு லேப்டாப்கள் பலதுல ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ இருக்கும், செட்டிங்ஸ்ல பாருங்க. மேக்ல ஃபைல்வால்ட். லினக்ஸ்ல நிறுவும்போதே லக்ஸ் தேர்வு செய்யுறதுதான் எளிது. எல்லாமே இலவசம். செய்யும்போது ஒரு ரெக்கவரி கீ தரும். அதை அதே லேப்டாப்ல சேமிக்காதீங்க. பேப்பர்ல எழுதி, பத்திரம் வைக்கிற இடத்துல வைங்க.

டிஸ்க் பூட்டினதுக்கு அப்புறம்தான் தண்டர்பேர்ட்ல மெயிலை இறக்கணும். வரிசையை மாத்தாதீங்க.

லேப்டாப் தொலைஞ்சா, வேற கணினியிலேருந்து புரோட்டான் கணக்குக்குள்ள போய் அந்த பிரிட்ஜ் செஷனை ரத்து செய்யலாம். புது மெயில் அங்க போறது நிக்கும். ஆனா ஏற்கெனவே இறங்கின நகல் அந்த டிஸ்க்லயேதான் இருக்கும். அதைக் காப்பாத்தறது டிஸ்க் பூட்டு மட்டும்தான்.

அடுத்து, ஆபீஸ் லேப்டாப்ல இதைச் செய்யவே செய்யாதீங்க. அந்தக் கணினியோட அட்மின் நீங்க இல்லை. ஐடி டீமால பார்க்க முடியும், பேக்கப் எடுக்க முடியும். வேலையை விடுற அன்னைக்கு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கணும், சில சமயம் சொல்லாம கொள்ளாம லாக் ஆகிடும். அதே காரணத்துக்காக பேங்க், பிஎஃப், இன்ஷூரன்ஸ் எதுலயும் ஆபீஸ் மெயில் முகவரி இருக்கக் கூடாது. இருந்தா இன்னைக்கே மாத்துங்க. இதுக்கு என்க்ரிப்ஷன் கூட தேவையில்லை.

5. கேலண்டர்: பாதிதான் வரும்

கேலண்டர்ல என்ன ரகசியம்? கொஞ்சம் யோசிங்க. இஎம்ஐ தேதி, கார்டு கட்டுற தேதி, பிரீமியம் தேதி, வேற கம்பெனி இன்டர்வியூ, டாக்டர் அப்பாயின்ட்மென்ட். ஒருத்தரோட வாழ்க்கையை மெயிலை விட கேலண்டர் சீக்கிரம் சொல்லிடும்.

தண்டர்பேர்ட் கேலண்டர் பேசுற மொழி கேல்டாவ். புரோட்டான் கேலண்டர் அதைப் பேசாது, பிரிட்ஜும் கேலண்டரைக் கொண்டு வராது. ஒரு சுத்து வழி இருக்கு. கட்டணத் திட்டத்துல, கேலண்டர் செட்டிங்ஸ்ல பகிர்வு லிங்க் உருவாக்கலாம். அதைத் தண்டர்பேர்ட்ல ‘நியூ கேலண்டர்’, ‘ஆன் த நெட்வொர்க்’ வழியா ஒட்டினா நிகழ்வுகள் தெரியும். பார்க்க மட்டும்தான் முடியும், அங்கேருந்து திருத்த முடியாது. மாற்றங்கள் உடனே வராம தாமதமாகவும் வரலாம்.

இங்கயும் பூட்டு இடம் மாறுது. அந்த லிங்க் யார் கையில இருக்கோ அவங்க எல்லாரும் பார்க்கலாம். லிங்க்தான் சாவி. வாட்ஸ்அப்ல அனுப்பினா சாவியையே அனுப்பின மாதிரி. லிங்க் உருவாக்கும்போது ‘பிஸி’னு மட்டும் காட்டுற தேர்வும் இருக்கு, மத்தவங்களுக்குக் கொடுக்க அதை எடுங்க. தேவை முடிஞ்சா லிங்க்கை அழிச்சிடுங்க.

இரு பக்கமும் திருத்தற கேலண்டர் தண்டர்பேர்ட்ல வேணும்னா, ஜெர்மனியின் போஸ்டியோ, மெயில்பாக்ஸ்.ஆர்க் மாதிரி சேவைகள் ஐமேப், கேல்டாவ் ரெண்டையும் நேரடியா தருது. பிரிட்ஜ் தேவையில்லை. ஆனா அவை முனைக்கு முனை பூட்டை இயல்பா தர்றதில்லை, தனியா அமைக்கணும். வசதி கூடினா பூட்டு குறையும், இதுதான் கணக்கு.

நான் சொல்ற எளிய பழக்கம்: எந்தக் கேலண்டரா இருந்தாலும் கணக்கு எண், தொகை, பாலிசி எண் எழுதாதீங்க. ‘கார்டு பில்’, ‘பிரீமியம்’னு ரெண்டு வார்த்தை போதும். மீதி விவரம் மெயில்ல இருக்கு.

6. சாவி தொலைஞ்சா?

ஜிமெயில்ல பாஸ்வேர்டு மறந்தா, மீட்டதும் பழைய மெயில் அப்படியே இருக்கும். இங்க அப்படி இல்லை. புரோட்டான்ல போன் நம்பர் வழியா பாஸ்வேர்டை மாத்தினா கணக்கு கிடைக்கும், ஆனா பழைய மெயில்கள் பூட்டியே கிடக்கும். அதைத் திறக்க ரெக்கவரி ஃப்ரேஸ் அல்லது ரெக்கவரி ஃபைல் முன்கூட்டியே எடுத்து வச்சிருக்கணும். டூட்டால ரெக்கவரி கோடு ஒண்ணு தருவாங்க. பாஸ்வேர்டும் அதுவும் ரெண்டும் போச்சுன்னா கணக்கே போச்சு.

அதனால கணக்கு ஆரம்பிச்ச அன்னைக்கே அதை எழுதி, உயில், பாலிசி பத்திரம் இருக்கிற ஃபைல்ல வைங்க. வீட்டுல ஒருத்தருக்காவது அது எங்க இருக்குன்னு தெரியணும். நமக்கு ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துக்கு எந்தப் பாலிசி இருக்குன்னே தெரியாம போறது, திருடு போறதை விடப் பெரிய நஷ்டம்.

7. காசும் ரிஸ்க்கும்

இது வெளிநாட்டுச் சந்தா. கட்டணம் அப்பப்ப மாறும், வாங்குற அன்னைக்குப் பாருங்க. கூடவே கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்அப், அதுக்கு ஜிஎஸ்டி சேரும். ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பிடித்த விதிகளால வெளிநாட்டு மாதச் சந்தா சில கார்டுகள்ல தடைபடும். பணம் போகலைன்னா திட்டம் நிக்கும், பிரிட்ஜும் நிக்கும். முடிஞ்சா வருஷச் சந்தாவா கட்டி, புதுப்பிக்கிற தேதியைக் கேலண்டர்ல போடுங்க.

இன்னொரு ரிஸ்க்கையும் மறைக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல் மெயில்களுக்குப் பிறகு, புரோட்டான் மெயிலை இந்தியாவில் முடக்கும் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், அதை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டப்படி நடக்கிற சேவையா இருந்தாலும் ஒரு நாள் கதவு மூடலாம்னு இது சொல்லுது. அப்படி நடந்தா பேங்க் மெயில், ஓடிபி எல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கும்.

தயாரா இருக்க மூணு வழி. ஒண்ணு, தண்டர்பேர்ட் நகல், அதான் இந்தப் பாடம். ரெண்டு, பேங்க்ல மொபைல் எண் எப்பவும் சரியா இருக்கணும், அப்பதான் மெயில் முகவரியை மாத்திக்க முடியும். மூணு, சொந்த டொமைன். வருஷத்துக்கு ஒரு சிறு தொகைதான். சேவையை மாத்தினாலும் முகவரி மாறாது. ஆனா டொமைனைப் புதுப்பிக்க மறந்தா வேற யாராவது வாங்கி, உங்க பேங்க் மெயிலை அவங்க வாங்கிப்பாங்க. ஒழுங்கா புதுப்பிக்க முடியும்னா மட்டும் இறங்குங்க.

8. யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்?

சொந்த லேப்டாப் இல்லைன்னா வேண்டாம். பிரவுசர்லயே பாருங்க. எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் சேரலைன்னா சந்தாவுக்கு அவசரப்படாதீங்க. இருக்கிற ஜிமெயிலுக்கே வலுவான பாஸ்வேர்டு, டூ ஃபேக்டர், டிஸ்க் பூட்டு மூணும் போட்டா பெரும்பகுதி ஆபத்து குறைஞ்சிடும். செலவு பூஜ்யம்.

சொந்த லேப்டாப் இருக்கு, முதலீடு வளருது, வீட்டுல நாலு பேரோட பேப்பரையும் நீங்கதான் பார்க்கிறீங்கன்னா, சந்தா நியாயமான செலவு.

சனிக்கிழமை காலையில செய்ய வேண்டிய வரிசை இது: முதல்ல ஆபீஸ் மெயில் கொடுத்த இடங்களை மாத்துங்க. டிஸ்க்கைப் பூட்டுங்க, ரெக்கவரி கீயை எழுதுங்க. புரோட்டான் ரெக்கவரி ஃப்ரேஸை எடுங்க. அப்புறம் பிரிட்ஜ், அப்புறம் தண்டர்பேர்ட். கடைசியா, பேங்க் முகவரியை ஒரே நாள்ல மாத்தாம ஒவ்வொண்ணா மாத்துங்க. ஒரு மாச ஸ்டேட்மென்ட் புது முகவரிக்கு ஒழுங்கா வந்ததும் அடுத்தது. பழைய மெயில் கணக்கை ஒரு வருஷமாவது மூடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் மெயில் போடுற இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒண்ணு கண்டிப்பா பட்டியல்ல விட்டுப் போயிருக்கும்.

எந்தப் படியில நிக்கிறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஆனா ஸ்க்ரீன்ஷாட் போடும்போது பிரிட்ஜ் பாஸ்வேர்டை மறைச்சுட்டுப் போடுங்க!